பெட்டிக்கு எந்த மொழி: பிரேசர் டவுனில் டிஜிட்டல் தொலைக்காட்சி

1. எல்லை

பலகையில் புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் சொல்வது பிரேசர் டவுன். 1898 பிளேக்குக்குப் பின் பெங்களூரு கன்டோன்மென்ட் நெரிசலைத் தணிக்க எழுந்த இப்பகுதியில் தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே மாடிப்படியில் கேட்கும். சில வீடுகளில் ஒரே கூடத்தில். டிஜிட்டல் தொலைக்காட்சி வந்தபோது 'ஒண்ணும் புரியலை' என்றவர்களுக்கு எது புரியவில்லை என்று இங்கே பார்க்கலாம். கருவி பழகிவிட்டது, அதைச் சுற்றிய ஏற்பாடுதான் பிடிபடவில்லை என்பது என் கருத்து.

2. பெட்டி

கேபிள் சட்டத்தின் 2011 திருத்தப்படி, இரண்டாம் கட்டமாகப் பெங்களூரு உள்ளிட்ட 38 நகரங்கள் டிஜிட்டலுக்கு மாற 2013 மார்ச் 31 கெடு. அதுவரை வயரை டிவியின் முதுகில் செருகினால் படம் வந்தது. அதன்பின் சேனலைப் பிடிக்கும் வேலை செட்டாப் பாக்ஸுக்குப் போய், டிவி வெறும் திரையானது. இந்த ஒரு வாக்கியத்தை யாரும் வீட்டாருக்குச் சொல்லவில்லை. பழக்கத்தில் டிவி ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் டிவி தன் பழைய டியூனருக்குத் தாவிவிடும். திரையில் புள்ளி மழை. கேபிள்காரர் வந்து சோர்ஸ் பட்டனை ஒரு தடவை தட்டிவிட்டுப் போவார். என் அத்தை, டிவி ரிமோட்டில் பவரையும் வால்யூமையும் விட்டுவிட்டு மற்ற பட்டன்கள்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினார். ரிமோட்டைச் செய்த கம்பெனிக்குத் தோன்றாத திருத்தம் அது.

3. கட்டணம்

உண்மையான குழப்பம் 2019 பிப்ரவரி 1-இல் தொடங்கியது. ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் அப்போதைய புதிய விதிப்படி 100 சேனல் வரை கொண்டுவரும் இணைப்புக்கு 130 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. இது கிட்டத்தட்ட வயருக்கான வாடகைதான். கட்டணச் சேனலுக்குத் தனி விலை. ஒரு எச்டி சேனல் இரண்டாகக் கணக்கானது. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்தால் தொகுப்பில் சேர்க்க முடியாது என்றது விதி. ஆகவே சன் டிவி போன்ற முன்னணிச் சேனல்கள் சரியாக 19-இல் வந்து நின்றன. வரியோடு 22 ரூபாய் 42 காசு. மாமனாருக்குத் தமிழ் சீரியல், கன்னடத்துக்காரியான மருமகளுக்குக் கன்னடம், பையனுக்குக் கிரிக்கெட் என்றால், கூட்டிப் பார்க்க ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். வேண்டியதை மட்டும் வாங்கலாம் என்ற உரிமை, காகிதத்தில் டிக் அடிக்கும் வீட்டுப்பாடமாக வந்து சேர்ந்தது.

பலர் அந்தப் பாடத்தை எழுதவே இல்லை. பிப்ரவரி 12 அன்று டிராய் சேனல் தேர்வுக்கான கெடுவை மார்ச் 31 வரை நீட்டி, தேர்வு செய்யாதவர்களுக்குப் பொருத்தமான திட்டத்தைக் கேபிள் நிறுவனமே தரலாம் என்றது. பொருத்தத்தின் அளவுகோல்களில் ஒன்று, பேசும் மொழி. மாநிலத்துக்கு ஒரு மொழி என்று நினைப்பவர்களுக்கு இது எளிது. பிரேசர் டவுனின் மாஸ்க் ரோட்டுக்கு எந்த மொழியை எழுதுவது?

4. திரை

திரையில் வரும் குழப்பம் சிறிய விஷயம், ஆனால் காசு விரயம். 4கே டிவி என்பது 3840க்கு 2160 புள்ளி. சாதாரணச் சேனல் வருவதோ 720க்கு 576. பெரிய திரையில் அது இழுபட்டு மங்கும். டிவி பழுது என்று புகார் போகும். இதற்கு நேர்மாறும் உண்டு. அத்தை வீட்டில் எச்டி பெட்டி, எச்டி பேக். பின்னால் எட்டிப் பார்த்தேன்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த பழைய ஏவி வயர். எச்டிஎம்ஐ வயர் பிரிக்காத உறையோடு அலமாரியில் கிடந்தது. எடுத்து மாட்டினேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முன்னாடியும் நல்லாத்தானே இருந்துது" என்றார்.