அவையின் ஒப்புதலும் வினாவும்: தமிழ்ப் புலமை மரபில் பாராட்டுக் குறியின் இடம்

முன்னுரை

அவையில் கூறப்பட்ட கருத்தொன்றைக் கேட்டவர், காரணம் எதுவும் உரையாமல் ஒரு குறியினால் மட்டும் தம் உடன்பாட்டைத் தெரிவிப்பது தகுமா என்னும் வினா இன்று பரவலாக எழுந்துள்ளது. 2009 பிப்ரவரியில் முகநூல் நிறுவனம் 'லைக்' எனப்படும் விருப்பக் குறியை அறிமுகப்படுத்தியது. அதன்பின் இணையவழிக் கருத்தாடல்களில் அக்குறி எங்கும் பரவியது. அறிவு சார்ந்த விவாதங்களிலும் அதற்கு இடம் தரவேண்டும் என்போரும், தரலாகாது என்போரும் உளர். கருவி புதிது, ஆனால் வினா பழையது. நூலொன்றை அவை ஏற்பது எவ்வாறு, ஏற்றதை அறிவிப்பது எவ்வாறு, அவ்வறிவிப்புக்கு மதிப்பு எதனால் வருகிறது என்பனவற்றைத் தமிழ்ப் புலமை மரபு நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளது. அம்மரபில் சொல்லற்ற பாராட்டுக் குறி பெற்ற இடத்தையும், அது தன் மதிப்பை இழந்த சூழலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொல்லற்ற குறி: உருத்திரசன்மன்

சொல்லின்றிக் குறியால் மட்டும் ஒப்புதல் தந்த நடுவரைப் பற்றிய பழைய தமிழ்ச் செய்தி இறையனார் அகப்பொருள் உரையில் காணப்படுகிறது. ஆய்வாளர்கள் பலர் கி.பி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதும் அவ்வுரை, தன் தோற்றத்தைத் தானே ஒரு வரலாறாகக் கூறுகிறது. இறையனார் அருளிய நூலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை எனத் துணிய அவர்களால் இயலவில்லை. எனவே காரணிகன் ஒருவனைத் தருமாறு மன்னனை வேண்டினர். முடிவில் மதுரை உப்பூரிகுடிகிழார் மகனாகிய உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவன் காரணிகனாக அமர்த்தப்பட்டான். புலவர் பலரும் உரைத்தபோது அவன் வாளா இருந்தான். மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் அவ்வாறு செய்தான். அதனால் நக்கீரனார் உரையே மெய்யுரை எனத் துணியப்பட்டது.

இக்கதையில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, எண்ணிக்கையால் இச்சிக்கல் தீரவில்லை. நாற்பத்தொன்பதின்மரும் தத்தம் உரையையே சிறந்ததாகக் கொண்டிருந்த நிலையில், தலையெண்ணி முடிவு காண வழியில்லை. இரண்டாவது, நடுவன் பிறர் முகம் பார்த்துத் தன் கருத்தை அமைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. அவனது இளமையும் பேசாமையும் நடுநிலைக்கு உறுதியாகின்றன. மூன்றாவது, அவனது குறி முழு உரையின்மீதும் ஒருங்கே இடப்பட்டதன்று. வாளா இருத்தல், சிற்சில இடங்களில் நெகிழ்தல், சொல்தோறும் நெகிழ்தல் என அது தரம் பிரித்துக் காட்டியது. எச்சொல் நெகிழ்வித்தது என்பதையும் அவையோர் அறிய முடிந்தது. சொல்லற்றதாயினும் அக்குறி பொருள் நிறைந்ததாக விளங்கியமைக்கு இவையே காரணம் எனலாம்.

2. வினாவும் விடையும்: அதங்கோட்டாசான்

இதற்கு மறுதலையான அவை மரபு தொல்காப்பியச் சிறப்புப் பாயிரத்தில் பதிவாகியுள்ளது. பனம்பாரனார் இயற்றிய அப்பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்பத் தொல்காப்பியம் அரங்கேறியதாகக் கூறுகிறது. கேட்டவர் பெயர் பாயிரத்திலேயே இடம்பெறுவது குறிப்பிடத்தக்கது.

அக்கேட்பு எத்தகையது என்பதை 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர் ஒரு கதையால் விளக்குகிறார். தொல்காப்பியர்மீது சினங்கொண்ட அகத்தியர், அந்நூலைக் கேளற்க என அதங்கோட்டாசானைத் தடுத்தார். தொல்காப்பியரோ கேட்டருள வேண்டுமென வற்புறுத்தினார். இருவர் சொல்லையும் மறுக்க இயலாத ஆசான், நூலுக்குக் குற்றம் கூறிவிடுவது எனத் துணிந்து கேட்கத் தொடங்கினார். அவர் எழுப்பிய கடாவிற்கெல்லாம் தொல்காப்பியர் விடை பகர்ந்தார். குற்றம் காணும் நோக்குடன் வந்தவர் முன்னிலையில் நூல் நிலைபெற்றது.

இக்கதை வரலாற்று நிகழ்வா என்பது இங்கு வினாவன்று. ஒப்புதலின் மதிப்பு அதற்கு முன் நிகழ்ந்த மறுப்பின் வலிமையைப் பொறுத்தது என்னும் கொள்கையை உரையாசிரியர் இதன்வழி நிறுவுகிறார் என்பதே கருதத்தக்கது. பகைவரே இல்லாவிடினும் இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுவான் என்னும் வள்ளுவர் கருத்தும், பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில், இதற்கு அரண் செய்கிறது.

3. ஒப்புதலுக்கு இலக்கணம்

அவையின் ஒப்புதலைப் பின்வருவோர்க்கு அறிவிக்கும் கருவியே சிறப்புப் பாயிரம். அதற்கு நன்னூல் இலக்கணம் வகுக்கிறது. நூலாசிரியன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் பாயிரம் உரைத்தல் வேண்டும். காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்வாரும் உளர். பாயிரம் செய்தற்கு உரியோர் ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் என வரையறுக்கப்படுகிறது. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதனாலேயே பிறர் பாயிரம் செய்ய வேண்டியதாயிற்று.

இவ்விதிகளில் புகழ்ச்சி என்பது தனியொரு கூறாக இடம்பெறவில்லை. கூறவேண்டிய எட்டும் செய்திகளே, எனவே சரிபார்க்கத்தக்கவை. இதற்கு வேங்கடம் தக்க சான்றாகும். தொல்காப்பியப் பாயிரமும் நன்னூற் பாயிரமும் தமிழ் நிலத்தின் வடவெல்லையாக வேங்கடத்தைச் சுட்டுகின்றன. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ம.பொ.சிவஞானமும் தமிழரசுக் கழகமும் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தில் வேங்கடம் பற்றிய இவ்விலக்கியக் குறிப்பு சான்றாக எடுத்தாளப்பட்டது. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது; திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் அது தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஒரு நூலைச் சிறப்பிக்க எழுந்த பாயிரம் பல நூற்றாண்டுகளுக்குப் பின் எல்லை வழக்கில் சான்றாகவும், மறுப்பிற்குரிய பொருளாகவும் ஆனமைக்குக் காரணம் அதனுள் செய்தி இருந்தமையே. வெறும் புகழ்ச்சியை எவரும் சான்றாகக் கொண்டு வழக்காடுவதில்லை, மறுப்பதும் இல்லை.

4. எல்லைப் புறத்து அவைகள்

வேங்கடத்தை எல்லையாகக் கொண்ட இரு மொழியாரும் அவையைப் பற்றிய இக்கொள்கையில் ஒத்து நிற்கின்றனர். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அணுகிப் பயிலும் இராமகுப்பம், குப்பம் வட்டாரம் உள்ளது. குப்பத்தில் 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. தெலுங்கு மரபின் தனிச்சிறப்பாகிய அவதானத்தைத் தமிழ் மரபுடன் ஒப்புநோக்க இவ்வெல்லைப்புறம் தக்க களமாகும்.

அட்டாவதானத்தில் பிருச்சகர் எனப்படும் வினவுநர் எண்மர் அமர்வர். அவருள் நிஷித்தாட்சரிக்கு உரியவர், அவதானி பாடும் செய்யுளில் அடுத்து வரக்கூடிய எழுத்தை ஊகித்து அதனை விலக்கிக்கொண்டே செல்வார். அப்பிரஸ்துதப் பிரசங்கம் செய்பவர் தொடர்பற்றவற்றைப் பேசிக் கவனத்தைக் கலைப்பார். இத்தடைகளைக் கடந்து செய்யுள் முற்றுப்பெறும்போது அவை ஆரவாரிக்கிறது. தமிழிலும் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். கைதட்டல் இங்கு விலக்கப்படவில்லை. ஆயினும் வினவுநர் இல்லாமல் அவதானம் இல்லை. கைதட்டுவோர் இல்லாமலும் அவதானம் நிகழக்கூடும்.

கம்பர் அரங்கேற்றக் கதைகளும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றன. நூறு பாடலுக்கு ஒருமுறை சடையப்ப வள்ளலைப் போற்றியதைத் திருவரங்கத்து அவை மறுக்கவே, ஆயிரத்துக்கு ஒருமுறை எனக் கம்பர் குறைத்துக்கொண்டதாக வழக்கு உண்டு. வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதையை அவையோர் வினவியபோது, மேட்டழகிய சிங்கர் ஆரவாரித்து ஒப்பியதாகவும் கூறுவர். தெய்வத்தின் சொல்லற்ற குறிகூட மறுப்புக்குப் பின்னரே வருகிறது. மாறாக, தில்லை மூவாயிரவரின் ஒப்புதலைப் பெற்றுவருமாறு கம்பர் பணிக்கப்பட்டதாக அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் விநோதரச மஞ்சரி கூறும் கதை, எண்ணிக்கையால் ஒப்புதல் திரட்டும் முறையைக் காட்டுகிறது. அவர்கள் அனைவரையும் ஓரிடத்தில் காண்பதே அரிதாக இருந்தமையால் கம்பர் அலைக்கழிந்தார் என்பதே அக்கதையின் சுவை.

5. சாற்றுகவியின் பெருக்கம்

19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது அரங்கேற்ற அவை சுருங்கிச் சாற்றுகவி பெருகியது. நூல்களின் முகப்பில் பல புலவர்களின் சாற்றுகவிகள், அவர்தம் பட்டங்களுடனும் பதவிகளுடனும் அச்சேறின. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பிறர் நூல்களுக்குப் பாடிய சிறப்புப் பாயிரங்கள் பல, உ.வே.சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அவரது சரித்திரம் அவற்றைப் பதிவு செய்கிறது. பெரும்புலவர் வாக்கில் வெளிப்படும் சாற்றுகவிக்குக் கவிதை மதிப்பு உண்டு. எனினும் எல்லா நூலும் சாற்றுகவி பெறும் நிலை தோன்றியபோது, நூல்களுக்கிடையே வேறுபாடு காட்டும் ஆற்றலை அது இழந்தது. நன்னூல் விதித்த செய்திகள் குன்றி, புகழ்ச்சியும் புகழ்ந்தோர் எண்ணிக்கையுமே எஞ்சின. திருக்குறளைப் போற்றும் 55 வெண்பாக்களாக வழங்கும் திருவள்ளுவமாலையையும் இங்கு நினைக்கலாம். குறளின் பொருளை விளக்கியது பரிமேலழகர் முதலியோர் உரைகளேயன்றி அம்மாலையன்று.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1867-இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் திருவருட்பா என்னும் பெயருடன் வெளிவந்தன. அருட்பா, திருமுறை ஆகிய பெயர்கள் அவற்றுக்குத் தகுமா என ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அதனை ஒட்டி எழுந்த கண்டனங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நீண்டன. ப.சரவணன் தொகுத்துள்ள அருட்பா மருட்பா கண்டனத் திரட்டைக் காண்போர், நுண்ணிய வாதங்களுடன் வசையும் மண்டிக் கிடப்பதை அறிவர். பாராட்டு மட்டுமே நிலவும் அவை மழுங்குவது போலவே, மறுப்பு மட்டுமே நிலவும் அவை சீற்றத்தில் முடிகிறது. பலரும் ஒன்றையே உடன்பட்டுரைத்தால் காலம் வீணாகும் என்பதும் உண்மை. எனவே அமைதியான ஒப்புதலுக்கு ஓர் இடம் வேண்டும் என்போர் கூற்று முற்றிலும் தள்ளத்தக்கதன்று.

6. முன்குறியின் சாய்வு

இன்றைய விருப்பக் குறி மேற்கண்ட இரு மரபுகளுள் எதனைச் சாரும் என்பது அடுத்த வினா. தோற்றத்தில் அது உருத்திரசன்மனின் குறியை ஒத்தது, சொல்லற்றது. ஆனால் அச்சிறுவனிடம் இருந்த மூன்று தன்மைகளும் அதில் இல்லை. அது எண்ணிக்கையாகக் காட்டப்படுகிறது. எச்சொல்லுக்கு இடப்பட்டது எனக் காட்டாமல் முழுக் கருத்தின்மீதும் இடப்படுகிறது. முன்னவர் இட்ட குறியைப் பின்னவர் கண்டபின் இடப்படுகிறது.

இக்கடைசிக் குறை ஆய்வால் நிறுவப்பட்டுள்ளது. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் சயின்ஸ் இதழில் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செய்தித் தளத்தில் இடப்பட்ட 1,00,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகளை ஆராய்ந்தது. அவற்றுட் சிலவற்றுக்கு மட்டும் தொடக்கத்திலேயே ஒரு பாராட்டுக் குறி செயற்கையாக இடப்பட்டது. அந்த ஒரு குறியினால் அவற்றின் இறுதி மதிப்பீடு சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. செயற்கையாக இடப்பட்ட எதிர்க்குறியைப் பின்வந்தோர் திருத்திவிட்டனர்; பாராட்டுக் குறியையோ திருத்தாது பின்பற்றினர். அதாவது, தகாத பழியை அவை எளிதில் உணர்கிறது. தகாத புகழை உணர்வதில்லை. நாற்பத்தொன்பதின்மரும் ஒருவரையொருவர் பார்த்து முடிவு செய்யாமல் தனிக் காரணிகனை நாடியதன் நுட்பம் இங்கு விளங்கும்.

முடிவுரை

தமிழ்ப் புலமை மரபு பாராட்டுக் குறியை விலக்கவில்லை. அதற்கு வரம்பு விதித்தது. குறி வினாவுக்குப் பின் வரவேண்டும். எதனைக் குறித்து எழுந்தது என்பது விளங்க வேண்டும். இட்டவர் யார் என்பதும், இடுதற்கு அவர்க்குரிய தகுதியும் வெளிப்பட வேண்டும். பிறர் குறியைக் காணாமல் இடப்பட வேண்டும். இவ்வரம்புகளுக்கு உட்பட்ட குறி, உடன்பாட்டைச் சுருக்கமாகத் தெரிவித்து விவாதத்துக்குத் துணை செய்யும். இவற்றை மீறி, எண்ணிக்கையால் கருத்துகளை வரிசைப்படுத்தும் குறியாக அது அமையுமாயின், அறிவு சார்ந்த அவையில் அதற்கு இடம் தருதல் தகாது. அங்கு இழக்கப்படுவது பாராட்டு அன்று. கடா எழுப்பும் கேட்போரே. தொல்காப்பியத்தைப் பாராட்டியவர் எத்தனைபேர் எனப் பனம்பாரனார் எண்ணிச் சொல்லவில்லை. குற்றம் காணும் கருத்துடன் கேட்டதாக உரையாசிரியர் கூறும் அதங்கோட்டாசான் ஒருவரின் பெயரையே எழுதி வைத்தார்.