விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே

ஜப்பான்ல எடோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைச்ச நகாசெண்டோ மலைப்பாதையில் 69 தங்கல் ஊர்கள். 42ஆவது சுமாகோ. 1911இல் அந்தப் பள்ளத்தாக்குல ரயில் முழுசா ஓட ஆரம்பிச்சதும் நடந்து போறவங்க குறைஞ்சு ஊர் படுத்துடுச்சு. இளவட்டம் பட்டணத்துக்குக் கிளம்பிடுச்சு.

1968இல் ஊர்க்காரங்களே சங்கம் வெச்சு பழைய வீடுகளைச் சீர் பண்ண இறங்கினாங்க. 1971இல் எல்லாரும் கூடிப் போட்ட கட்டுப்பாடுதான் தலைப்புல இருக்கு. நம்ம ஊர்ல ரோட்டோர நிலத்துக்கு விலை ஏறுற நேரத்துல இதுக்கு எத்தனை பேர் கை தூக்குவோம், சொல்லுங்க? கரண்டு கம்பிகூட தெருவுல கண்ணுக்குத் தெரியாது. பகல்ல கார் கிடையாது.

பலன், 1976இல் அரசு பாதுகாக்கணும்னு முதல் தடவையா தேர்ந்தெடுத்த பாரம்பரிய ஊர்கள்ல சுமாகோவும் ஒண்ணு. பக்கத்து மாகோமே வரை சுமார் 8 கிலோமீட்டர் இன்னைக்கும் நடக்கலாம். கரடியை விரட்ட வழியில மணி கட்டியிருக்காங்க.