மாங்காட்டு மொட்டை மாடியும் மின் சிக்கன விதியும்

சித்திரை மாதம் இரவு பத்து மணிக்கு மாங்காட்டில் ஒரு மேல்மாடி வீட்டின் உள்கூரையைத் தொட்டால் சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் அப்போதுதான் வீட்டுக்குள் இறக்குகிறது.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. மர உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய், வெல்லத் தண்ணீர் விட்டு அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். கம்பியும் சிமெண்ட்டும் வந்தபின் அதில் பாதிதான் மிஞ்சியது.

கட்டடம் இவ்வளவுதான் மின்சாரம் தின்னலாம் என்று விதி போடும் யோசனைக்கு வேகம் கொடுத்தது 1973 எண்ணெய் நெருக்கடி. கலிபோர்னியா 1978-ல் தொடங்கியது. இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதன்கீழ் கட்டட விதித்தொகுப்பு 2007 மே மாதம் வெளியானது. ஆனால் அது 500 கிலோவாட் இணைப்புச் சுமையுள்ள பெரிய வணிகக் கட்டடங்களுக்கு! 2010 திருத்தம் அதை 100 ஆக்கியது. நாலு வீடு கொண்ட மாங்காட்டுக் கட்டடம் அப்போதும் வெளியேதான் நின்றது.

வீடுகளுக்கென 2018 டிசம்பரில் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' வந்தது. கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்றது அது. வெறும் கான்கிரீட் தளத்தில் இது 3 வாட்டுக்கும் மேல்.

சரி, செலவுக்கு ஏற்ற பலன் உண்டா? இங்கேதான் வேடிக்கை. கூரைக்குச் செலவழிப்பவர் வீட்டுக்காரர், மின் கட்டணம் கட்டுபவர் குடித்தனக்காரர். அவர் எதற்குச் செலவழிப்பார்? இன்னொன்று, தமிழ்நாட்டில் 2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆனது. ஏசி ஓட்டி 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் நல்ல கூரை கணிசமாக மிச்சம் பிடிக்கும். ஒரே மின்விசிறியோடு இலவச யூனிட்டுக்குள் காலம் தள்ளும் வீட்டில் மிச்சம் பூஜ்யம். ஆக, ரூபாய்க் கணக்குப்படி வெந்து கிடக்கும் ஏழை வீட்டுக் கூரைதான் 'லாபமில்லாத' கூரை! அந்த வீட்டுக் குழந்தையின் தூக்கம் எந்த வரவுப் பத்தியிலும் ஏறுவதில்லை.

தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. மாங்காட்டில் விவரம் தெரிந்த சிலர் மாசி, பங்குனியிலேயே மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்குள் பாதி கரைந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும்.