கட்டைவிரல் போன ஊர்கள்

1912-இல் ஒரு குடும்பம் ஜப்பானின் ஷிகோகு தீவை விட்டு வடகோடி ஹொக்கைடோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கத்திய குளிர் தாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டுக்கு மூட்டு வலி. பக்கத்தில் வைத்தியர் கிடையாது. பிள்ளைகள் மாறி மாறிக் கைகால் பிடித்துவிட்டார்கள். ஏழு வயது டோகுஜிரோவின் கைதான் இதமாக இருக்கிறது என்றாள் அம்மா. தேய்ப்பதைவிட, விறைத்தும் சில்லிட்டும் இருக்கிற இடத்தில் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினால் வலி அடங்குகிறது என்று பையன் கண்டுகொண்டான். அம்மா தேறினாள். டோகுஜிரோ நாமிகோஷி (1905–2000) ஷியாட்சு என்னும் அழுத்த சிகிச்சையின் பிறப்புக் கதையாகச் சொல்லிவந்தது இதைத்தான்.

பிறப்புக் கதைகள் எல்லாமே கொஞ்சம் துடைத்துப் பொட்டு வைக்கப்பட்டவை. அந்தக் கட்டைவிரல் அதற்கு முன்பே ஆயிரம் ஆண்டுக்கு மேல் பயணம் செய்திருந்தது.

பிடித்துவிடும் கலையான ‘அன்மா’ சீனத்திலிருந்து ஜப்பானுக்கு வந்தது. 701-இல் இயற்றப்பட்ட தைஹோ சட்டத்தொகுப்பில் அரசவை மருத்துவத்தின் ஒரு துறையாகவே அது இடம்பெற்றுவிட்டது. ‘கி’ என்னும் உயிராற்றலும் அது ஓடும் மெரிடியன் தடங்களும் கூடவே வந்தன. எடோ காலத்தில் தொழில் பார்வையற்றவர்கள் கைக்குப் போனது. தானும் பார்வையற்றவரான சுகியாமா வாஇச்சி என்ற அக்குபங்சர் மருத்துவர், ஷோகுன் சுனயோஷிக்கே வைத்தியம் பார்த்தவர், 17-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்காகப் பள்ளிகள் தொடங்கினார். இரவில் ஊதல் ஊதிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் அன்மாக்காரர் அந்தக் கால நகர வாழ்க்கையில் ஓர் அடையாளம். ஜடோய்ச்சி படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் பழக்கம். வாள்வீச்சு மட்டும் கதைக்காகச் சேர்த்தது.

மெய்ஜி ஆட்சி மேற்கத்திய மருத்துவத்தை அரசு மருத்துவமாக்கியது. 1871-இல் பார்வையற்றோர் சங்கத்தின் பழைய உரிமைகள் ஒழிந்தன. அன்மா, களைப்புப் போக்கும் வேலையாகச் சுருங்கிவிட்டது. நோய் தீர்க்கும் கை என்று தங்களை நம்பியவர்கள் வேறு பெயரில் தனிக்கடை போட வேண்டியதாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெம்பெகி தமாய் என்பவர் பழைய அன்மா, வயிற்றை அழுத்திப் பார்க்கும் அம்புகு, மேற்கிலிருந்து வந்த உடற்கூறியல் எல்லாவற்றையும் கலந்து புத்தகம் போட்டார். ‘விரல் அழுத்தம்’ என்று பொருள்படும் ஷியாட்சு என்ற பெயர் அப்படித்தான் நடமாடத் தொடங்கியது.

நாமிகோஷி 1925-இல் ஹொக்கைடோவின் முரோரானில் சிகிச்சைக்கூடம் திறந்தார். 1940-இல் டோக்கியோவில் பள்ளி. அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது, கைத்திறமையைவிட, ‘கி’யை மூட்டைகட்டி வாசலில் வைத்ததுதான். அவருடைய அழுத்தப் புள்ளிகள் தசை, நரம்பு, ரத்தக்குழாய் போகிற இடங்கள். போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் பாரம்பரிய சிகிச்சைகளை நிறுத்தப் பார்த்தது. பிழைப்பு போகிறதே என்று பார்வையற்றவர்கள் போராடினார்கள். 1947-இல் உரிமம் வழங்கும் சட்டம் வந்தது. 1955-இல் ஷியாட்சுவின் பெயர் அந்தச் சட்டத்துக்குள் நுழைந்தது, ஆனால் அன்மாவின் ஒட்டாக. 1964-இல்தான் தனி முறையாக அங்கீகாரம். ஆற்றல் ஓட்டம் என்று பேசிக்கொண்டிருந்தால் கோப்பு நகர்ந்திருக்குமா என்பது சந்தேகமே. விளம்பரத்துக்கும் குறைவில்லை. 1954-இல் தேனிலவுக்கு ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கு வயிற்றுவலி. ஹோட்டலுக்கு அழைக்கப்பட்டவர் நாமிகோஷி.

வாசலில் வைத்த மூட்டையைப் பிரித்தவர், அதே பள்ளியில் உளவியல் பாடம் நடத்திய ஷிசுடோ மசுநாகா (1925–1981). கியோட்டோ பல்கலைக்கழகப் பட்டதாரி. நாமிகோஷியின் அழுத்தத்தில் தேர்ச்சி பெற்று, சீன மருத்துவ நூல்களுக்குத் திரும்பிப் போனார். மரபுப்படி ஆறு மெரிடியன்கள் கையிலும் ஆறு காலிலும் ஓட வேண்டும். இவர் பன்னிரண்டையும் கைகால் இரண்டிலுமே வரைந்தார். அதைவிட முக்கியம், ‘ஜிட்சு’வையும் ‘கியோ’வையும் அவர் எடுத்துச் சொன்ன விதம். வலித்துத் துருத்திக்கொண்டு நிற்பது ஜிட்சு, நிறைவு. எங்கோ ஓசைப்படாமல் வெறுமையாகக் கிடப்பது கியோ. வலிக்கிற இடத்தையே குத்திக்கொண்டிருக்காதே, வெறுமையைத் தேடு என்றார். அதற்காக ஒரு கை, பெரும்பாலும் வயிற்றில், அசையாமல் கிடக்கும். மற்றது தடத்தில் நகரும். நகரும் கையை மட்டும் நம்பினால் பாதிதான் தெரியும் என்பது அவர் கட்சி.

1977-இல் வடரு ஒஹாஷியோடு சேர்ந்து ‘ஜென் ஷியாட்சு’ ஆங்கிலத்தில் வந்தது. ஒஹாஷி ஏற்கெனவே நியூயார்க்கில் பயிற்சி மையம் நடத்திக்கொண்டிருந்தார். அமெரிக்காவும் ஐரோப்பாவும் அள்ளிக்கொண்டது இந்த வடிவத்தைத்தான். வேடிக்கை என்னவென்றால், தொன்மையான கிழக்கத்திய ஞானம் என்று மேற்கில் பலர் கற்பது, பெருமளவுக்கு 20-ஆம் நூற்றாண்டின் ஓர் உளவியல்காரர் திருத்தி எழுதியது. ஜப்பானிய அரசு உரிமம் கொடுப்பதோ தசையையும் நரம்பையும் படித்துத் தேர்வு எழுதியவருக்கு. மசுநாகாவிடம் கற்ற ஹெரால்ட் டல் என்ற கலிபோர்னியக் கவிஞர், 1980-களில் அதை வெந்நீர்க் குளத்துக்குள்ளேயே இறக்கி ‘வாட்சு’ என்று பெயர் வைத்தார். அதில் ஆள் மிதப்பார், விரலுக்குப் பெரிய வேலை இல்லை.

தத்துவம் இப்படித் தடம் மாறினாலும் கைவேலையின் விதிகள் அவ்வளவாக மாறவில்லை. எண்ணெய் கிடையாது. உடுத்திய துணியோடு தரையில் விரித்த படுக்கையில் படுக்க வேண்டும். விரல் நுனி ஆகாது. கட்டைவிரலின் சதைப்பற்றான உட்பகுதிதான் படவேண்டும், அதுவும் செங்குத்தாக. தோள் பலத்தால் அமுக்கினால் கை நடுங்கும், படுத்திருப்பவரும் உடனே இறுகிக்கொள்வார். அதனால் இடுப்பிலிருந்து சாய்ந்து உடம்பின் எடையையே இறக்குகிறார்கள், அவர் மூச்சு விடும்போது. சில வினாடி நின்று, இறக்கிய அதே நிதானத்தோடு எடுப்பார்கள். கழுத்தில் நேரமும் கனமும் குறைவு.

‘கி’ இருக்கிறதா? எந்த உடற்கூறியலாளரும் மெரிடியனைத் திசுவில் காட்டியதில்லை. மணிக்கட்டின் உட்புறப் புள்ளியை அழுத்தினால் குமட்டல் குறையும் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. முழு ஷியாட்சுவைச் சோதித்த ஆய்வுகளோ சொற்பம், சிறியவை. ‘கி’ என்பதைக் கையின் கவனத்தைப் பழக்கும் பாடமாக எடுத்துக்கொண்டால் எனக்குச் சண்டை இல்லை. நோயை அறுதியிட அதைக் கொண்டுவந்தால்தான் சண்டை.

இன்று இணையக் கடைகளில் ‘ஷியாட்சு மசாஜர்’ என்று கழுத்துக்கும் பாதத்துக்கும் மின்கருவி விற்கிறார்கள். ஜப்பானிய சுகாதார அமைச்சகம் இந்த முறைக்குக் கொடுத்த வரையறை, விரலாலும் உள்ளங்கையாலும் மட்டும், எந்தக் கருவியும் இன்றி அழுத்துவது என்கிறது. அந்தக் கருவிக்குள் சுழலும் உருண்டைகள் பண்ணுவது பிசைதல், அதாவது பழைய அன்மா.