திருவலகும் உழவாரமும்

திருக்கோயிலுக்குக் கோபுரம் எடுப்பித்தோரும், நிலம் விட்டோரும், விளக்குக்குப் பொன் வைத்தோரும் கல்வெட்டிலே பெயர் பெற்றனர். அக்கோயில் முற்றத்துச் சருகையும் குப்பையையும் குனிந்து வாரியவர் பெயர் கல்லில் ஏறுவது அரிது. ஆயினும் சைவ வரலாற்றில் அப்பணியின் இடம் கீழிடம் அன்று. ஒரு பெருஞ்சமயாசாரியரின் வாழ்வே ஒரு துடைப்பத்தினின்றும் தொடங்கியது எனலாம்.

திருவதிகை வீரட்டானத்தில் திலகவதியார் நாள்தோறும் புலர்வதற்கு முன்னரே திருவலகிட்டு, ஆன் சாணத்தால் திருமெழுக்கிட்டு, மலர் கொய்து மாலை தொடுத்து வந்தார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். அவர்தம் தம்பியார் தருமசேனராய்ச் சமண் பள்ளியில் தலைமை பெற்றிருந்த காலத்தும் அத்தொண்டு ஒரு நாளும் தவறவில்லை. சூலை நோயால் வாடி நள்ளிருளில் வந்து அடிவீழ்ந்த தம்பியாருக்கு அம்மையார் திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அப்பொழுது அவர் கையில் இருந்தவை திருவலகும் தோண்டியும். அவ்விரவிலே நாவுக்கரசரானவர் மேற்கொண்ட கைப்பணி உழவாரம். தமக்கையார் வாய்ச்சொல்லால் ஏவியதோடு நிற்கவில்லை. செய்துகொண்டிருந்தார், தம்பியார் கண்டார்.

உழவாரம் என்பது நீண்ட காம்பின் நுனியில் அகன்ற இரும்புத் தகடு பொருந்திய எளிய கருவி. புல்லைச் செதுக்கவும் குப்பையைத் தள்ளவும் உதவுவது. அதனைச் சுமந்து அப்பர் பெருமான் ஊர்தோறும் நடந்தார். திருப்புகலூரில் உழவாரம் சென்ற இடமெல்லாம் பொன்னும் நவமணியும் ஒளிவிட்டன. பெருமானோ அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்தார். இதனைத் துறவின் மேன்மைக்குச் சான்றாகக் காட்டுவர் புலவர். அதுவும் உண்மையே. எனினும் வேறொன்றும் உண்டு: பணியிலே இன்பம் கண்டவர்க்குக் கூலி கண்ணிற் படுவதில்லை. முற்றம் தூயதாயிற்றா என்பதொன்றே அவர் நோக்கம். பொன்னும் அங்கே குப்பைதான்.

இத்தகைய இன்பம் ஒருவரோடு நில்லாது. திங்களூர் அப்பூதியடிகள் நாவரசரை நேரிற் காணுமுன்னரே, அவர் திருப்பெயரால் தண்ணீர்ப் பந்தரும் சாலையும் குளமும் அமைத்தார். திருவாரூரில் கண்ணிழந்த தண்டியடிகள் குழியிலும் கரையிலும் தறி நட்டு, கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று திருக்குளத்து மண்ணைத் தோண்டி எடுத்தார். சாத்திரங்களும் இவ்வழியை மதித்தன. திருவலகிடுதலையும் மெழுகுதலையும் சிவஞானசித்தியார் தாசமார்க்கமெனும் சரியையில் வைத்தது. சோழர் காலத்தார் இதற்கென்றே நிலம் விட்டனர். திருமெழுக்குப்புறம் என்று கல்வெட்டுக்கள் வழங்குவது அந்நிலமே. நாளடைவில் நிலம் கைமாறியது; துடைப்பம் எடுக்கும் கையும் குறைந்தது.

புதுக்கோட்டைச் சீமைக்கு வருவோம். கொடும்பாளூர் மூவர் கோயிலும், நார்த்தாமலையும், திருக்கோகர்ணமும், குடுமியான்மலையும் கற்பணியிற் சிறந்தவை. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த திருப்பெருந்துறையாகிய ஆவுடையார்கோயிலின் கொடுங்கைகளோ மரச்சட்டத்தையும் ஆணியையும் கல்லிலே காட்டுவன. இத்துணை வலிய கல்லைப் பிளப்பது எது? பறவை எச்சத்தோடு வந்து கல்லிடுக்கில் விழுந்த ஓர் அரசம் விதை. இரண்டு இலை விட்டபோது விரலாற் கிள்ளிவிடலாம். பத்தாண்டு விட்டால் விமானத்தையே பிரித்து அடுக்க நேரும். குடமுழுக்கு பன்னீராண்டுக்கு ஒருமுறை வருவது. விதையோ ஒவ்வொரு மழைக்கும் முளைப்பது. திருப்பணிக்கு வாரி வழங்கும் பெருஞ்செல்வர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இந்நாளில் தமிழகமெங்கும் உழவாரத் திருக்கூட்டங்கள் விடுமுறை நாட்களில் கோயில் கோயிலாகச் செல்கின்றன. முதலில் நால்வர் வருவர். ஊரார் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்ப்பர். பிளாஸ்டிக் பை, கற்பூர உறை, எண்ணெய்ப் புட்டி, உடைந்த அகல் இவற்றை அவர்கள் தேவாரம் ஓதியபடியே பொறுக்கி எடுப்பதைக் கண்டு சிறுவர் முதலில் இறங்குவர். சிறுவர் பின்னே தாய்மார். நண்பகலில் அன்னம் கொண்டு வருவோர், காலையில் திண்ணையில் இருந்தவரே.

ஆர்வத்தோடு அறிவும் வேண்டும். கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசுவதும், மணலை விசையோடு பீய்ச்சிச் சிற்பத்தைத் தேய்ப்பதும் தூய்மை ஆகா. குடுமியான்மலை மேலைக்கோயிலின் பக்கத்துப் பாறையிலுள்ள இசைக் கல்வெட்டு இன்றும் படிக்கக் கிடைப்பது அத்தகைய கைகள் தீண்டாமையாலன்றோ! தேங்காய் நாரும் தண்ணீரும் போதும். முளையைப் பிடுங்குவோர் வேரோடு எடுத்தல் வேண்டும். தண்டை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு இரட்டித்துத் தழைக்கும்.

சித்திரைச் சதயம் அப்பர் பெருமான் திருப்புகலூரில் இறைவன் திருவடி எய்திய நாள். கோயிற் பிராகாரத்து அறுபத்துமூவர் வரிசையிலே அவர் திருவுருவத்தை எளிதில் அறியலாம். கைகள் குவிந்திருக்கும், தோளிலே உழவாரம் சாய்ந்திருக்கும்.