மரக்காலுக்கு ஓட்டை போடாதீங்க

பூந்தமல்லி பக்கம் புதுசா கட்டுற வீடுகளைப் பாருங்க. சுவரில் மாட்டுவண்டிச் சக்கரம், வாசலில் கல்தொட்டி நிறைய அல்லி, கூடத்தில் பித்தளைப் பூண் போட்ட மரக்கால். இதெல்லாம் ஒரே நாளில் பழசாகிடல. ஒவ்வொன்றும் போனதுக்கு ஒரு காரணம் உண்டு.

சென்னை அளவில் 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். 1956-ல் மெட்ரிக் எடை, அளவுச் சட்டம் வந்தது. 1960-களில் கடையெல்லாம் கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறுச்சு. நெல்லுக் களத்தில் கொஞ்ச காலம் தாக்குப்பிடிச்ச மரக்கால், அப்புறம் பரணுக்குப் போச்சு.

மின்சார பம்புசெட் வந்ததும் கவலை ஏற்றம் நின்னுச்சு. அதில் மாடு இழுத்த இரும்புச் சால் காயலான் கடைக்குப் போச்சு.

அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1961-லேயே டாங்கித் தொழிற்சாலை. ஏரித் தண்ணி பாய்ஞ்ச கழனி மெல்ல மனையாச்சு. கழனி போனா மாடு எதுக்கு, மாடு இல்லாம வண்டி எதுக்கு? சக்கரம் சுவரேறிடுச்சு. 1949-ல் தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸோட பழைய ஹெர்குலிஸ் வண்டிகூட இப்போ தோட்டத்தில் பூந்தொட்டி சுமக்குது.

வாங்கி வைக்கிறது நல்லதுதான். அடுப்புக்குப் போறதைவிட உங்க வீட்டுக் கூடம் மேல். ஆனா செடி வைக்கணும்னு மரக்காலுக்கு அடியில் ஓட்டை போடாதீங்க. அப்புறம் அது எதையும் அளக்காது. விக்கிறவர்கிட்ட அதோட பேரு என்ன, எதுக்குப் புழங்கினதுன்னு கேட்டு எழுதி வைங்க. சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க எங்க ஊர்ல இன்னும் கொஞ்சப் பேர்தான் இருக்காங்க.