பார்பெகால் நீர்வலு மாவாலை: காலக் கணிப்பும் ஒரு கோட்பாட்டின் தளர்வும்

பிரான்சு நாட்டின் தென்பகுதியிலே, உரோன் ஆறு கிளைபிரிந்து கடலை நாடத் தொடங்கும் இடத்தில் ஆர்ள் நகரம் அமைந்துள்ளது. அதற்குக் கிழக்கே, பொன்வியே என்னும் சிற்றூருக்கு அண்மையில், சுண்ணக்கற் குன்றொன்றின் தென்சரிவிலே இடிந்த சுவர்கள் படிப்படியாகக் கீழிறங்கிச் செல்கின்றன. பார்பெகால் என வழங்கும் இவ்விடத்தில் ஒரு காலத்திலே 16 நீர்ச்சில்லுகள் சுழன்றன. உரோமப் பேரரசு விட்டுச் சென்ற கட்டடங்களுள் அரங்குகளும் வெற்றி வளைவுகளும் பெற்ற புகழை இது பெறவில்லை. ஆயினும், பழைய உலகின் பொருளாதாரம் பற்றி வரலாற்றாசிரியர்கள் நடத்திய நீண்ட வாதமொன்றின் நடுவிலே இந்த மாவாலை நின்றது. அதன் வயது பற்றிய கணிப்பு மாறியபோது அவ்வாதத்தின் போக்கும் மாறியது.

ஆலையின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். அல்பீய் குன்றுகளிலிருந்து வந்த நீர் கற்கமான்கள் மீது கட்டப்பட்ட கால்வாய் வழியே பள்ளத்தாக்கைக் கடந்து, குன்றின் முகட்டிலே பாறையை வெட்டி அமைத்த வாயிலினூடாகத் தென்சரிவை அடைந்தது. அங்கு அது இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட கட்டடத்தின் இருமருங்கிலும் பக்கத்துக்கு எட்டாகச் சில்லுகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிறுத்தப்பட்டிருந்தன. மேற்சில்லின் தலையில் விழுந்து அதனைச் சுழற்றிய நீர், அடுத்த படியிலிருந்த சில்லின் தலையில் விழுந்தது. ஒரே நீர் எட்டு முறை வேலை செய்தது. நிமிர்ந்து நிற்கும் சில்லின் சுழற்சியைப் பற்சில்லுகள் கிடைநிலைச் சுழற்சியாக மாற்றி அரைகல்லுக்கு அளித்தன. அரைகல்லின் தத்துவம் தமிழர் இல்லங்களில் வழங்கிய திரிகையின் தத்துவமே: கீழ்க்கல் அசையாதிருக்க, மேற்கல் அதன்மீது சுழலும், நடுத்துளையில் இடும் தானியம் மாவாகி விளிம்பால் வெளிவரும். கைப்பிடியைச் சுற்றிய கையின் இடத்தை நீர் எடுத்துக்கொண்டது என்பதே வேறுபாடு.

இந்த இடமாற்றம் ஏன் விரைவில் நிகழவில்லை என்பதே வரலாற்றாசிரியரை நெடுங்காலம் வருத்திய வினாவாகும். நீராலை உரோமருக்குத் தெரியாத பொருளன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எழுதிய கட்டடக்கலைஞர் விற்றூவியசு, பற்சில்லுகளுடன் கூடிய நீராலையைத் தெளிவாக விவரித்துள்ளார். ஏறத்தாழ அதே காலத்தவரான தெசலோனிக்கா நகரத்துக் கிரேக்கப் புலவர் அந்திப்பாற்றர், மாவரைக்கும் பெண்களின் பணியை இனி நீர்மகளிர் செய்வர், ஆதலால் விடியலிலும் அவர்கள் உறங்கலாம் என்ற கருத்தமையச் சிறுபாடல் ஒன்று இயற்றினார். கார்ல் மார்க்சு தமது 'மூலதனம்' நூலில் இப்பாடலை எடுத்துக்காட்டி, வேலைநேரத்தைக் குறைக்கவேண்டிய பொறி முதலாளித்துவத்தின் கீழ் அதனை நீட்டிக்கும் கருவியாவதைச் சுட்டினார். புலவர் வாக்களித்த உறக்கம் அப்பெண்களுக்குக் கிட்டியதா என்பது வேறு விடயம்.

1935இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் புளொக் 'அன்னால்' சஞ்சிகையில் நீராலையின் வருகை பற்றி எழுதிய கட்டுரை இவ்வினாவுக்கு வலுவான விடையொன்றைத் தந்தது. நீராலை பண்டை உலகில் தோன்றினும், பரவியது இடைக்காலத்திலேயே என்பது அவர் கருத்து. அடிமைகளும் விலங்குகளும் மலிவாய்க் கிடைத்தவரை செலவுமிக்க பொறியை நிறுவ உடைமையாளருக்குத் தேவை எழவில்லை. அடிமைகள் அருகிய பின்னரே ஆற்றுநீர் வேலைக்கு அழைக்கப்பட்டது. 1086ஆம் ஆண்டின் இங்கிலாந்து நிலக்கணக்கேடு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகளைப் பதிவுசெய்துள்ளமை இவ்விடைக்குத் துணைபோவதாகத் தோன்றியது.

புளொக்கின் கட்டுரைக்கு மற்றொரு பாதியும் உண்டு. அவரை மேற்கோள் காட்டியோர் பலர் அதனை மறந்தனர். இடைக்காலத்தில் ஆலை பரவியதற்கு நிலவுடைமையாளரின் வற்புறுத்தலும் ஒரு காரணம் என அவர் காட்டினார். இங்கிலாந்தின் சென் ஒல்பன்சு மடத்தின் தலைவர் 1331இல் நகரமக்களின் திரிகைகளைப் பறித்து, அக்கற்களை மடத்துக் கூடத்தின் தளமாகப் பதிப்பித்தார். 1381ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது மக்கள் அத்தளத்தைப் பெயர்த்துக் கற்களை உடைத்துத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். மடத்து ஆலைக்குக் கூலி கொடுத்து அரைப்பதிலும் தம் கையால் வீட்டில் அரைப்பதே மேல் என அவர்கள் கருதியது, பொறி எப்போதும் மீட்பராய் வந்ததென எண்ணுவோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

புளொக்கின் கட்டுரை வெளிவந்து இரண்டாண்டுகள் கழித்து, 1937இல் தொல்லியலாளர் பெர்னான் பெனுவா பார்பெகாலில் அகழ்வைத் தொடங்கினார். அதுவரை நீர்க்கால்வாயின் பகுதியெனவே கருதப்பட்டு வந்த இடிபாடுகள் மாவாலையின் எச்சங்கள் என அவர் நிறுவினார். 1940இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் அதனைத் 'தொழிற்சாலை' என்றே அழைத்தார். கைத்தொழிற் புரட்சிக்கு முற்பட்ட கட்டடமொன்றுக்கு அச்சொல்லைச் சூட்டுவது அந்நாளில் துணிவான செயல். ஆலையின் காலத்தை அவர் மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கும் நான்காம் நூற்றாண்டுக்கும் உரியதெனக் கணித்தார். பேரரசன் கொன்சுதந்தைன் காலத்தில் ஆர்ள் செழிப்புற்றிருந்தது. அடிமைகளும் அருகிவந்த காலம் அது எனக் கருதப்பட்டது. எனவே இக்கணிப்பு கோட்பாட்டோடு கச்சிதமாகப் பொருந்தியது. அடிமை குறைந்ததால் ஆலை எழுந்தது என்றனர். ஆலை எழுந்தமையே அடிமை குறைந்தமைக்குச் சான்று என்றும் கொண்டனர். ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரு சுவர்களுக்கு அடியில் அத்திவாரம் உண்டா எனப் பல்லாண்டு எவரும் தோண்டிப் பார்க்கவில்லை.

புளொக் 1944 யூன் மாதத்தில் செருமானியப் படையினராற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தொடங்கிய வாதம் மற்றவர் கைகளில் தொடர்ந்தது. 1965இல் மோசசு பின்லி, பண்டைய உலகின் செல்வர் நிலத்தையும் பதவியையும் நாடினரேயன்றி உற்பத்தித்திறனை உயர்த்தும் வேட்கை கொண்டிலர் எனவும், அதனாற் தொழில்நுட்பம் தேங்கியது எனவும் வாதிட்டார். இக்கருத்து பல்கலைக்கழகங்களிற் பாடமாயிற்று. இதனை எதிர்த்தோருள் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஓர்யான் விக்கந்தர் குறிப்பிடத்தக்கவர். எழுத்துச் சான்றுகள் குறைவாய் இருப்பது ஆலைகள் குறைவாய் இருந்தன என்பதற்குச் சான்றாகாது என 1984இல் அவர் வலியுறுத்தினார். ஆலைகளைப் பற்றிக் காவியம் பாடுவோர் எக்காலத்திலும் சிலரே.

முடிவான அடி பார்பெகாலிலேயே விழுந்தது. 1990களில் பிலிப் லெவோ அங்கு மீண்டும் அகழ்வு நடத்தினார். அவருடைய ஆய்வின்படி ஆலை கட்டப்பட்டது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆலையின் வயது ஒரே பாய்ச்சலில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கூடியது. பேரரசு தன் பரப்பின் உச்சத்தை எட்டியிருந்த காலம் அது. அடிமைச் சந்தைகள் வெறுமையுற்ற காலமன்று. அடிமை இல்லாமையாற் பிறந்தது என எடுத்துக்காட்டப்பட்ட ஆலை, அடிமை மிகுந்திருந்த காலத்தின் படைப்பு என்றாயிற்று.

இதன் பொருளை உணர்வதற்கு அதே நூற்றாண்டின் இலக்கியச் சான்றொன்று உதவும். வட ஆபிரிக்காவில் பிறந்த இலத்தீன் எழுத்தாளர் அப்புலேயசு, கழுதையாக உருமாறிய மனிதன் ஒருவனின் கதையை எழுதினார். அக்கழுதை மாவரைக்கும் வெதுப்பகமொன்றுக்கு விற்கப்பட்டு, கண்கள் கட்டப்பட்ட நிலையில் அரைகல்லைச் சுற்றி நடக்கிறது. அங்கு உழைத்த மனிதரையும் அது காண்கிறது: சவுக்கடித் தழும்பேறிய முதுகுகள், எழுத்துப் பொறிக்கப்பட்ட நெற்றிகள், அரைகுறையாக மழிக்கப்பட்ட தலைகள், தளையிட்ட கால்கள், புகையால் நலிந்த கண்கள், உடலெங்கும் படிந்த மா. புனைகதையாயினும், அக்காலத்து வாசகர் அறிந்த உலகையே அவர் வரைந்தார் எனக் கொள்ளலாம். ஆக, பார்பெகாலின் 16 சில்லுகளும் அப்புலேயசின் தளையிட்ட மனிதரும் ஒரே பேரரசின் ஒரே நூற்றாண்டுக்கு உரியவர். ஒன்று மறைந்து மற்றொன்று தோன்றவில்லை. இரண்டும் அருகருகே நிலவின. நீர் வசதியும் முதலிட வல்ல கையும் சேர்ந்த இடத்தில் பொறி வந்தது. பிற இடங்களில் மனிதரும் விலங்கும் தொடர்ந்து சுற்றினர். கோட்பாடு முற்றாகப் பொய்த்தது என்பதிலும், அது கேட்ட வினாவே பிழையாய் அமைந்தது என்பது பொருத்தம்.

அண்மைக்கால ஆய்வு மேலும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. சுண்ணக்கற் பகுதியின் நீர் தான் ஓடும் இடமெங்கும் கல்சியம் காபனேற்றைப் படியவிடும். பார்பெகாலின் மரச்சில்லுகளும் மரப்பீலிகளும் உக்கி அழிந்தன. ஆனால் அவற்றின்மீது படிந்த வெண்படிவம் உடைந்த துண்டுகளாய் எஞ்சியது. ஆர்ள் அருங்காட்சியகத்தில் இருந்த அத்தகைய 142 துண்டுகளை, மைன்சு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குல் சூர்மெலிகிந்தி, சேசு பாசியர் ஆகியோர் லெவோ முதலியோருடன் இணைந்து ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். மரத்தின் நாரமைப்புக்கூட அப்படிவங்களின் உட்புறத்தில் அச்சாய்ப் பதிந்திருந்தது. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்று படிவத்திலும் படலங்கள் உண்டு. அவற்றின் ஒட்சிசன் சமதானிகளை அளந்தால், எப்படலம் எப்பருவத்தில் படிந்தது என அறியலாம்.

அவ்வாறு அளந்தபோது ஒரு செய்தி புலப்பட்டது. ஆலை ஆண்டு முழுவதும் ஓடவில்லை. கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் அது வழமையாக நிறுத்தப்பட்டிருந்தது. ஆர்ள் நகர மக்களுக்கு நாள்தோறும் மா வழங்கும் ஆலை என்ற பழைய விளக்கம் இதனால் இடருற்றது. நகரத்தார் ஆண்டின் சில மாதங்களுக்கு உண்ணாதிருந்திரார். மாவோ நெடுநாள் வைத்திருக்கக் கூடிய பண்டமன்று. ஆகவே மாலுமிகளுக்கான, கெடாத உலர்ந்த விசுக்கோத்துக்கே இம்மா பயன்பட்டது என ஆய்வாளர் கருதுகின்றனர். ஆர்ள் பெருந்துறைமுகம், மத்தியதரைக் கடலிலோ குளிர்காலத்திற் கப்பல்கள் பெரும்பாலும் ஓடுவதில்லை. கப்பலோட்டத்தின் பருவமும் ஆலை ஓட்டத்தின் பருவமும் இணைவது கவனத்தை ஈர்க்கின்றது. எனினும் இது இன்னும் கருதுகோளே. பெனுவாவின் காலக் கணிப்புக்கு நேர்ந்ததை அறிந்தோர், பொருத்தம் ஒன்றையே சான்றெனக் கொள்ளத் தயங்குவர்.

ஆலை மூன்றாம் நூற்றாண்டிற் கைவிடப்பட்டது. பெனுவா அது தொடங்கியதாக எண்ணிய காலத்தில் அது ஓய்ந்துகொண்டிருந்தது. நீர்ப்பணியில் வல்லவரெனப் புகழப்படும் குவிந்தசு கண்டிடியசு பெனிக்னசு என்னும் தச்சரின் ஈமப்பேழை ஆர்ளிற் கிடைத்துள்ளது. அவரே இவ்வாலையைக் கட்டியவர் எனச் சிலர் ஊகித்தனர். குன்றின்மேல் தானிய மூட்டையைச் சுமந்து ஏற்றியோர், கற்களைக் கொத்திக் கூர்ப்படுத்தியோர், மாவை அள்ளியோர் ஆகியோரைப் பற்றி ஊகிப்பதற்குரிய கல்வெட்டுக்கூட இல்லை. அவர்கள் அடிமைகளா கூலியாட்களா என்பதை வெண்படிவத் துண்டுகள் சொல்வதில்லை. அவை சொல்வன நீர் ஓடிய மாதங்களையும், உக்கிய பலகை மாற்றப்பட்ட வேளைகளையும் மட்டுமே.